த்ரீ நாட் த்ரீ கிடைக்காது சார்

புது புல்லட் வாங்குகிறவனை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரகடத்தில் போன மாசம் தயாரான வண்டியாக இருக்கும். ஆனால் டாங்கியின் வளைவும் ஹெட்லைட் மேலிருக்கும் அந்தச் சின்னத் தொப்பியும் உட்காரும் தோரணையும் நம் அப்பா காலத்தவை. 1955-ல் திருவொற்றியூரில் புல்லட்டை இறக்கத் தொடங்கியது ராணுவத்துக்காகவும் போலீசுக்காகவும்தான். இன்று அதே உருவத்தில் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் ஏபிஎஸ்ஸும் வைத்து விற்கிறார்கள், நாமும் இஎம்ஐ போட்டு வாங்குகிறோம். ஆயில் ஒழுகாத புல்லட் ஒரு புல்லட்டா என்று புலம்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஆபீசுக்குப் புதுசில்தான் போகிறார்கள்.

நான் அதே ஆசையை ரைஃபிள் மீது வைத்தேன். உடனே வீட்டில், தெருவில், ஆபீசில், எல்லோருக்கும் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அந்த பைக்குக்கே பெயர் கொடுத்தது துப்பாக்கிதான். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசாங்க ரைஃபிள் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த ரெட்டிச் ஊர் சைக்கிள் கம்பெனி, அந்தப் பெருமையில் தனக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டது. சின்னத்தில் பீரங்கி, விளம்பரத்தில் 'துப்பாக்கியைப் போலச் செய்தது' என்ற வாசகம். அந்தத் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய ரைஃபிள்தான் லீ-என்ஃபீல்டு. துளையளவு .303 அங்குலம் என்பதால் நம் ஊர் வாயில் த்ரீ நாட் த்ரீ.

என்சிசியில் இருந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல்லூரி மைதானத்தில் 'பாஜு ஷஸ்த்ர', 'சலாமி ஷஸ்த்ர' என்று தோள் வலிக்க வலிக்கத் தூக்கி இறக்கிய கட்டை அதுதான். நாலு கிலோ. பரேடுக்குத் தருவது சுட முடியாதபடி ஆக்கப்பட்ட ரைஃபிள். சுடுவதற்கு மேற்கு வங்கத்து இஷாபூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த .22 டீலக்ஸ். ஆனால் எங்கள் காலத்தில் ஆவடிப் பக்கம் நடந்த ஒரு கேம்ப்பில், சீனியர் கேடட்டுகளுக்கு நிஜ த்ரீ நாட் த்ரீயில் சில ரவுண்டு கொடுத்தார்கள். பக்கத்தில் படுத்திருந்த உஸ்தாத், பஞ்சாபிக்காரர், தெரிந்த அரைகுறைத் தமிழில், "ஷோல்டர் டைட் பண்ணு தம்பி, டைட்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். டைட் பண்ணியும் உதைத்தது. என் குண்டுகள் டார்கெட்டில் எங்கே போய் விழுந்தன என்பது மறந்துபோய்விட்டது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் அந்த போல்ட்டைத் தள்ளி மூடும்போது கடைசி ஒரு அங்குலத்தில் ஸ்பிரிங் எதிர்த்து அழுத்துமே, அது மட்டும் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. பெரும்பாலான ரைஃபிள்களில் போல்ட்டைத் திறக்கும்போது ஸ்பிரிங் ஏறும். லீ-என்ஃபீல்டில் மூடும்போது ஏறும். திறப்பது இலேசாகிவிடுவதால் கை வேகம் பிடிக்கும். முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு 300 கெஜத்தில் நிமிஷத்துக்கு 15 ரவுண்டு என்று பயிற்சி வைக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐம்பது வயது தாண்டி, ரைஃபிள் கிளப் ஒன்றில் சேர்ந்து, .22-இல் கொஞ்சம் கை பழகிய பிறகு லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். சென்னையில் என்றால் வேப்பேரி கமிஷனர் அலுவலகம், மாவட்டங்களில் கலெக்டர். போலீஸ் விசாரணை, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்ற பயிற்சிச் சான்று, நாடு முழுக்க ஒரே பதிவேட்டில் ஏறும் எண், எல்லாம் உண்டு. நேரம் பிடிக்கும். அந்தப் படலத்தை விவரிக்கப் போவதில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனவர்களுக்கு மீதி தானே தெரியும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் துப்பாக்கிக் கடைக்குப் போய், பெரியவர் பாயிடம் மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"த்ரீ நாட் த்ரீ கிடைக்காது சார். பி.பி.," என்றார்.

எனக்கும் தெரியும். வேறு யாராவது வேறு மாதிரி சொல்லமாட்டார்களா என்ற நப்பாசைதான். பி.பி. என்றால் தடைசெய்யப்பட்ட துளையளவு. .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டா ஏறிச் சுடக்கூடிய எந்த ரைஃபிளும் அந்தப் பட்டியலில் வரும். போலீஸ் கைவிட்ட பழைய ரைஃபிள்கள் இந்த நாட்டில் குவிந்து கிடக்கின்றன. உத்தரப் பிரதேச போலீஸ் 2020-ல்தான் அதற்கு விடை கொடுத்தது. ஆனாலும் அதில் ஒன்றைக்கூட நீங்களும் நானும் காசு கொடுத்து வாங்க முடியாது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டெக்சாஸில் இருக்கும் என் கல்லூரி நண்பனால் முடியும். அவன் அலமாரியில் இருப்பது இஷாபூர் 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு, அதே லீ-என்ஃபீல்டு அமைப்பை இன்னும் வலுவான எஃகில், 7.62 தோட்டாவுக்காக இஷாபூரில் புதிதாகவே செய்தார்கள். பழையதைக் குடைந்து மாற்றியதல்ல. நம் ராணுவத்துக்கு அது தேவைப்படாமல் போனதும் சர்ப்ளஸாகக் கப்பலேறியது. அசோகச் சிங்க முத்திரையோடு ஃபோட்டோ எடுத்து அனுப்பி, "மச்சி, உன் ஊர் சரக்கு எப்படி இருக்கு பாரு" என்று கேட்டிருந்தான். நான் பதில் போடவில்லை.

பாய் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். பாதிக் கட்டை, அதற்கு முன்னால் வெற்றுக் குழல். ஐந்து ரவுண்டு மேகசின். பயனெட் மாட்ட இடம் கிடையாது. "த்ரீ ஒன் ஃபைவ். போல்ட்டை இழுத்துப் பாருங்க," என்றார். இழுத்தேன். தள்ளினேன். கடைசி அங்குலத்தில் அதே எதிர்ப்பு.

இந்த .315-க்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எனக்குத் த்ரீ நாட் த்ரீயின் வரலாற்றைவிடச் சுவாரசியம். 1857-ஐக் கண்டு பயந்த வெள்ளைக்காரன் இந்தியச் சிப்பாய்க்கு ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள், இல்லாத மொட்டைக் குழல் மஸ்கெட்டைச் செய்து கொடுத்தான். 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. ராணுவத் தோட்டா வெளியே கசிந்தால் அது தன் மீதே திரும்பும் என்று .303-ஐத் தனியார் கையில் படாமல் வைத்தான். ஆனால் வேட்டைக்குப் போகிற துரைமார்களுக்கும் ஜமீன்களுக்கும் ரைஃபிள் விற்றாக வேண்டுமே? ரைஃபிள் லீ-என்ஃபீல்டாகவே இருக்கட்டும், தோட்டாவை மட்டும் மாற்றுவோம் என்று முடிவாயிற்று. அப்படி அதில் ஏற்றிய 8 மி.மீ. தோட்டா எது தெரியுமா? ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் மன்லிக்கர் தோட்டா. 1914-ல் எந்த ராணுவத்தோடு போருக்குப் போனார்களோ, அவர்களின் சரக்கு! இந்தியாவில் அதற்கு .315 என்று பெயர் வந்தது. அந்தச் சாம்ராஜ்யம் 1918-ல் காணாமல் போனது. வியன்னாவில் அருங்காட்சியகத்தில் தேட வேண்டிய தோட்டா, இந்தியத் துப்பாக்கிக் கடையில் இன்றும் புதுப்பெட்டியாகக் கிடைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் .303 அங்குலம் என்பது 7.7 மி.மீ.; .315 என்பது 8 மி.மீ. சட்டத்துக்கு அடங்கியவனுக்கும் குற்றவாளிக்கும் நடுவே 0.3 மி.மீ. இதைவிடப் பலமான .30-06 ரைஃபிளையும் இஷாபூர் பொதுமக்களுக்குச் செய்கிறது, அதற்கும் தடையில்லை. பலத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அரசாங்கத்தின் தோட்டா உன் ரைஃபிளில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். 1857 பயத்தின் பேரப்பிள்ளை இது. சுதந்திரம் வந்து, 1959-ல் புதுச் சட்டம் எழுதி, 2016-ல் புது விதிகள் போட்ட பிறகும் அப்படியே இருக்கிறது. பாதுகாப்புக்கு இது எந்த அளவு உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்காக எல்லோருக்கும் ரைஃபிள் கொடு என்று கொடி பிடிக்கிற ஆளும் நானில்லை. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டு யார் உயிரையோ எடுக்கிற வடநாட்டுச் செய்திகளைப் படித்தால், 2019 திருத்தத்தில் அதைத் தனிக் குற்றமாக்கியது சரி என்றுதான் படுகிறது. அதே திருத்தம்தான் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியது.

வெளிநாட்டில் இந்த 'பழைய உருவம், புதுத் தயாரிப்பு' ஒரு தனிச் சந்தை. போருக்குப் பிந்தைய வருஷங்களில் சாமுவேல் கமிங்ஸ் என்ற வியாபாரி உலகமெங்கும் கழித்துப்போட்ட ரைஃபிள்களை அள்ளி அமெரிக்காவில் மலிவாகக் கொட்டினார். 1968 சட்டம் அந்த இறக்குமதியை அடைத்தது. பிறகு திறந்தாலும், நல்ல சரக்கு ஒரு நாள் தீரத்தானே வேண்டும்? தீர்ந்த இடத்தில் புதுசு முளைத்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி லீ-என்ஃபீல்டு நம்பர் 4-ஐ 7.62 தோட்டாவுக்கும் அமெரிக்க எம்14 ரைஃபிளின் மேகசினுக்கும் ஏற்ப மாற்றி, புதிதாகச் செய்து விற்றது. 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேர்போன 1853 என்ஃபீல்டை இத்தாலிக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். கரிமருந்து போட்டுச் சுடும் போட்டிகளுக்காக. நம் நாட்டிலிருந்தும் பழைய பிரிட்டிஷ் மஸ்கெட்டின் நகல்கள் ஏற்றுமதியாகின்றன, ஆனால் நெருப்பு உள்ளே போகும் துளையைப் போடாமல். வாங்கியவன் அங்கே போய்த் துளைத்துக்கொள்ள வேண்டும்.

பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: மாட்டி வைக்கவா, சுடவா? மாட்டி வைக்க என்றால் பழசுக்கு ஈடு கிடையாது. சுட என்றால் கதை வேறு. நண்பனின் 2ஏ1 முதலில் பெரிய ஏமாற்றம் கொடுத்தது. நூறு கெஜத்தில் குண்டுகள் தட்டு அகலத்துக்குச் சிதறின. விசாரித்ததில், சுட்டதால் வந்த தேய்மானமே இல்லையாம், துடைத்ததால் வந்ததாம். குழலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றில் துடைக்கும் துணியைக் கட்டி, குழல் வாயின் ஒரு ஓரத்தில் உரசும்படி சாய்வாகவே இழுத்திருக்கிறார்கள், வருஷக்கணக்காக, எத்தனையோ கைகள். வட்டமாக இருக்க வேண்டிய வாய் முட்டை வடிவமாகிவிட்டது. குண்டு குழலை விட்டுக் கிளம்பும் கடைசிக் கணத்தில் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டால், அது நேராகப் போகாது. நானும் கேடட்டாக இருந்தபோது அப்படித்தான் இழுத்தேன், உஸ்தாத் காட்டிக்கொடுத்தபடியே. நம் கைங்கரியம் கடல் கடந்து அவன் டார்கெட்டில் தெரிகிறது.

அது போக, பழைய தோட்டாக்களின் ப்ரைமர், அதாவது அடியில் இருந்து பற்றவைக்கும் மருந்து, எரிந்ததும் ஒருவித உப்பை விட்டுப் போகும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவை. பழைய ரைஃபிளின் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிவது அதனால்தான்.

புது .315-இல் இந்தத் தலைவலிகள் கிடையாது. வேறு தலைவலிகள் உண்டு. இஷாபூர் தொழிற்சாலை 2021 முதல் கான்பூரைத் தலைமையாகக் கொண்ட புது அரசு நிறுவனத்தின் கீழ் வந்தாலும், மெருகு விஷயத்தில் சர்க்கார் சரக்கு சர்க்கார் சரக்குதான். கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கலாம், உள்பக்கம் அரம் போட்ட தடம் தெரியலாம். கடையில் எத்தனை ரைஃபிள் இருக்கிறதோ அத்தனையையும் எடுத்துப் பார்க்க வேண்டும்; பாய் முகம் சுளிக்கவில்லை, டீ வரவழைத்தார். குழல் வாயில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், பிசிறு இருக்கிறதா என்று. பின்பக்கமிருந்து வெளிச்சம் விட்டு ரைஃப்ளிங் சீராகச் சுழல்கிறதா என்று பார்த்தேன். முன்குறி நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? இதைப் பலர் பார்ப்பதில்லை. டம்மி ரவுண்டு போட்டு மேகசின் ஊட்டுகிறதா என்பதுதான் முக்கியச் சோதனை. இந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு போல்ட் நடுவழியில் நிற்கும். த்ரீ நாட் த்ரீக்கும் இதே குணம்தான். நிரப்பும்போது கவனம் இருந்தால் போதும்.

ட்ரிக்கர் கனம். இரண்டு கட்டமாக வரும்: முதலில் தொளதொளவென்று ஒரு இழுப்பு, பிறகு ஒரு சுவர், அதைத் தாண்டினால் வெடி. ஏர் ரைஃபிளில் பழகிய இளசுகள் இதைத் தொட்டால் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சுவர் பிடித்திருக்கிறது. எங்கே நிற்கிறோம் என்று விரலுக்குத் தெரியும்.

உதை? மரம் குறைந்ததால் இந்த ரைஃபிள் எடையில் த்ரீ நாட் த்ரீயைவிட இலேசு. இலேசான ரைஃபிள் கூடுதலாகத்தான் உதைக்கும். சட்டைக்குள் மடித்த டவல் வைத்துக்கொள்கிறேன், வெட்கமில்லை.

பெரிய பிரச்சினை, எங்கே போய்ச் சுடுவது என்பது. வேளச்சேரி குரு நானக் கல்லூரி வளாகத்துச் சுடுதளம் மாதிரி நகருக்குள் இருப்பவற்றில் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் கூட்டம்தான். நம் பிள்ளைகள் ஒலிம்பிக் கனவோடு பழகுகிற இடங்கள், நல்லதுதான். ஆனால் .315 குண்டு தடையில்லாமல் போனால் கிலோமீட்டர் கணக்கில் போகும். அதற்கு உயரமான மண்மேடும் அனுமதியும் உள்ள தளம் வேண்டும், அது ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். முன்கூட்டியே கேட்டு, நாள் வாங்கி, லைசென்ஸை எடுத்துக்கொண்டு, ரைஃபிளையும் தோட்டாவையும் தனித்தனியாக வைத்துக் காரில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் நிற்கும்போது, வாக்கிங் போயிருக்கலாமே என்று தோன்றும். தோட்டாவும் நினைத்தபடி கிடைக்காது, வாங்குகிற ஒவ்வொன்றும் லைசென்ஸில் ஏறும். கிடைப்பது மூக்கில் ஈயம் தெரிகிற வேட்டைக் குண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போய்விட்டது, வேட்டைக் குண்டு மட்டும் நின்றுவிட்டது. நான் அதால் காகிதத்தைத் துளைக்கிறேன். தோட்டா அரிதாகவே கிடைப்பதால் வீட்டில் வெறும் ரைஃபிளோடு செய்யும் பயிற்சிதான் அதிகம்: காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மூச்சை அடக்கி, விரலை மட்டும் நகர்த்துவது. குரூப் எப்படி, அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன, என்று கேட்பவர்களுக்கு: திறந்த குறியில், என் கண்ணாடியோடு, டெக்சாஸ்காரனை முந்துகிறேன். இதை அவனிடம் சொல்லியாயிற்று.

பராமரிப்பில் சென்னைக்கு என்று தனிப் பாடம். கடல்காற்று ஊரெங்கும் உள்ளது, ஐப்பசி கார்த்திகையில் சுவரே வேர்க்கும். சுட்டு வந்த அன்றே, தோட்டாப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாமல், குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவுகிறேன். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பிறகு நன்றாக உலர்த்தி, மெல்லிசாக எண்ணெய். துடைக்கும் கம்பி பின்பக்கமிருந்துதான் நுழையும். கயிறு என் வீட்டுக்குள் வரக்கூடாது. துணிப்பையில் போட்டு வைப்பது பெரும்பாவம், ஈரத்தைப் பை பிடித்துவைத்து ரைஃபிளுக்கு ஊட்டும். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். "என்னங்க, என் நகைக்குக்கூட இப்படி ஒரு பெட்டி கிடையாது" என்று ஒரு குரல் வந்தது. நகையும் இப்போது அதே அறையில் வேறொரு பெட்டியில் இருக்கிறது.

முழுநீளக் கட்டை செய்யச் சொல்லி, பித்தளைப் பட் தகடு போட்டு, அசல் த்ரீ நாட் த்ரீ மாதிரியே ஆக்கிவிடலாமே என்று நண்பன் யோசனை சொன்னான். அமெரிக்காவில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டாம். எனக்கு மனமில்லை. இது வேட்டை ரைஃபிளாகப் பிறந்தது, அதன் உடம்பு அதுதான். அசலைப் பார்க்க ஆசை வந்தால் ஏதாவது ஒரு என்சிசி பரேடு போதும்.

வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று அடிக்கடி வரும். அதற்கு முன் நன்றாக எண்ணெய் பூசிவிட்டுக் கொடுங்கள், அங்கே உங்கள் சிலிக்கா ஜெல் கிடையாது. 2024-ல் நான் கொண்டுபோனபோது இருந்தவர் ஓய்வுக்கு நெருங்கிய ஏட்டு. வாங்கியதும் சட்டென்று போல்ட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, விரல் விட்டுத் தடவி, மூடினார். நாற்பது வருஷப் பழக்கம் அந்த ஒரே அசைவில் தெரிந்தது. "நம்ம த்ரீ நாட் த்ரீ" என்று சொல்லிக்கொண்டே ரிஜிஸ்தரில் .303 என்று எழுதிவிட்டார்.

"ஏட்டய்யா, அது .315. .303-ன்னா பி.பி., என்னை உள்ள வெச்சிருவாங்க."

குழலில் பொறித்திருந்ததைக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். "கையில எடுத்தா அதேதான சார் இருக்கு?" என்றார். எண்ணை அடித்து, மேலே திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.